இயற்பியலாளர் வேலைக்குப் போய் என்னதான் செய்கிறார்?

டாக்டர், வக்கீல், கொத்தனார், கணக்காளர், இவர்களெல்லாம் காலையில் கிளம்பிப் போய் என்ன செய்வார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஏதாவது உருப்படியாகச் சொல்லிவிடும். இயற்பியலாளர் என்ன செய்வார் என்று கேட்டால் மட்டும் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். பிரபஞ்ச ரகசியத்தை ஆராய்கிறார், கருந்துளையைப் பற்றி யோசிக்கிறார், பலகை நிறையச் சூத்திரம் எழுதுகிறார், அதற்கெல்லாம் பிறக்கும்போதே மேதையாகப் பிறந்திருக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதைக் கேட்டு வளரும் மாணவர்களில் சிலர் ‘நமக்கெல்லாம் இது சரிப்படாது’ என்று முதலிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் காலப் பயணம், இணைப் பிரபஞ்சம் என்று கனவோடு உள்ளே வந்து, முதல் வருடம் முழுக்கச் சாய்தளத்தில் உருளும் பந்தோடு மல்லுக்கட்ட நேர்ந்ததும் மனம் வெறுத்துப் போகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத இழப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வியை எண்ணாக மாற்றத் தெரிந்தவர், அந்த எண் எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம் என்பதையும் கூடவே சொல்லத் தெரிந்தவர், அவர்தான் இயற்பியலாளர். இதில் இரண்டாவது பாதியைப் பற்றி வெளியே யாரும் பேசுவதே இல்லை. ஆனால் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

## ஓர் ஊஞ்சலைப் பார்த்து என்ன கேட்கலாம்?

ஒரே நீளக் கயிற்றில் இரண்டு ஊஞ்சல்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தை, இன்னொன்றில் அதன் அப்பா. இருவரையும் கொஞ்சம் பின்னால் இழுத்து ஒரே நேரத்தில் விட்டால் யார் முதலில் போய்த் திரும்பி வருவார்? கனமானவர்தான் வேகமாக வருவார் என்று பலரும் நினைப்பார்கள். செய்து பார்த்தால் கிட்டத்தட்ட இருவரும் ஒன்றாகவே வருவார்கள்.

‘கிட்டத்தட்ட’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உட்கார்ந்திருக்கும் பெரியவரின் எடை மையம் குழந்தையின் எடை மையத்தைவிடச் சற்று மேலே இருக்கும், அதனால் அவருடைய ஊஞ்சல் உண்மையில் கொஞ்சம் குட்டையான ஊஞ்சல், ஒரு துளி சீக்கிரமாகவே திரும்பிவிடும். ஆக எடைக்கு இதில் பங்கில்லை, நீளத்துக்குத்தான் பங்கு.

இப்போது இயற்பியலாளர் செய்யும் முதல் காரியம், வேண்டாததையெல்லாம் தூக்கிப் போடுவது. பலகையின் நிறம், கயிற்றின் முறுக்கு, காற்று, குழந்தையின் கால் ஆட்டம் எல்லாம் போய்விடும். எடையே இல்லாத ஒரு நூல், அதன் நுனியில் ஒரு புள்ளியளவு கனம், கீழே இழுக்கும் ஈர்ப்பு, இவ்வளவுதான் மிச்சம். உலகத்தில் இருக்கும் ஒரு பொருளை இப்படி எலும்புக்கூடாக்கி, கணக்குப் போடத் தக்கதாக வைத்துக்கொள்வதற்கு மாதிரி என்று பெயர். இந்த மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வருகிறது. நீளம் 4 மடங்கானால் நேரம் 2 மடங்கு. 2 மீட்டர் கயிறு என்றால் ஏறத்தாழ 2.84 விநாடி.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஊஞ்சல் சின்ன அளவில் ஆடும்வரைதான் இது செல்லும். இரண்டு பக்கமும் 20 பாகை வரை ஆடவிட்டால் உண்மையான நேரம் கணக்கைவிட 0.8 சதவீதம் போலக் கூடிவிடும், 5 பாகைக்குள் வைத்துக்கொண்டால் வித்தியாசம் 0.05 சதவீதம்தான். ஒரு கணக்கைச் சுலபமாக்க நாம் தெரிந்தே விடும் சின்னப் பிசகுக்குத் தோராயம் என்று பெயர். தோராயம் செய்வதில் வெட்கப்பட எதுவுமே இல்லை, எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்திருந்தால் போதும். நல்ல இயற்பியலாளருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல நேரம் இங்கேயே பார்த்துவிடலாம். எதைத் தூக்கிப் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற அந்த விவேகம் புத்தகத்தில் சூத்திரமாகக் கிடைக்காது.

## எண் வந்தால் வேலை முடிந்ததா?

மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் ஈர்ப்பின் வலிமையையே அளந்துவிடலாம். ஒரு நூல், ஒரு சின்ன இரும்புக் குண்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். 2 மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, ஒருமுறை ஆடிவரும் நேரத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கையால் பொத்தானை அமுக்கும்போது 0.2 விநாடி முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். 2.84ல் 0.2 என்பது 7 சதவீதம். ஈர்ப்பைக் கணக்கிடும்போது நேரத்தை வர்க்கப்படுத்த வேண்டியிருப்பதால் பிசகு இரட்டித்து 14 சதவீதமாகிவிடும். பூமியில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று எல்லோருக்கும் தெரியும், நமக்கோ 8.4 முதல் 11.2 வரை எது வேண்டுமானாலும் வரலாம். இந்த அளவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

சரி, ஒரு ஆட்டத்துக்குப் பதில் 50 ஆட்டங்களுக்கு ஆகும் மொத்த நேரத்தை அளந்து 50ஆல் வகுத்தால்? பொத்தான் அமுக்குவதில் வரும் 0.2 விநாடி இப்போது 142 விநாடிக்குள் கரைந்துவிடுகிறது. 14 சதவீதம் சட்டென்று 0.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, யோசித்ததுதான் செலவு.

ஆனால் நேரம் சரியானதும் நீளம் தலைதூக்குகிறது. நூலை 1 சென்டிமீட்டர் பிசகி அளந்திருந்தால் அதுவே 0.5 சதவீதம். எங்கிருந்து எதுவரை அளந்தோம்? முடிச்சிலிருந்தா, ஆணியிலிருந்தா? குண்டின் மேல்விளிம்பு வரையா, நடுமையம் வரையா? குண்டின் கனத்தில் நூல் நீண்டுவிட்டதா? இப்படி ஒன்றை அடைத்தால் இன்னொன்று கசியும். ஒவ்வொன்றாகத் தேடி அடைத்துக்கொண்டே போவதுதான் சோதனை என்பது.

இதில் இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பொத்தானைச் சில நேரம் முந்தியும் சில நேரம் பிந்தியும் அமுக்குகிறோமே, அது தற்செயல் பிழை. திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் குறைந்துவிடும். அளக்கும் டேப்பே 1 சென்டிமீட்டர் வெட்டுப்பட்டதாக இருந்தால் அது முறைப் பிழை. ஆயிரம் தடவை அளந்தாலும் ஆயிரம் தடவையும் அதே பக்கம் அதே அளவு தப்பும், எல்லா அளவும் ஒன்றுபோல வருவதால் நமக்கோ நம்பிக்கை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் முறைப் பிழை அவ்வளவு அபாயமானது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். 1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் கேயென் என்ற ஊருக்குப் போயிருந்தார். பாரிஸில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் போலப் பின்தங்குவதைக் கவனித்தார். கடிகாரக் கோளாறு என்று விட்டிருக்கலாம். கடிகாரத்தை நம்பலாம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்ததால்தான் அந்த இரண்டரை நிமிடம் ஒரு செய்தியாயிற்று. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. பூமி சுழல்வதும், அந்தச் சுழற்சியால் அது நடுவில் புடைத்திருப்பதும்தான் காரணம் என்று வாதாடிய நியூட்டன் இந்த அளவையும் சான்றாக எடுத்துக்கொண்டார். பிழை எவ்வளவு என்று தெரிந்தவருக்குத்தான் எது பிழை இல்லை என்பதும் தெரியும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: உலகத்தை மாதிரியாகச் சுருக்குகிறோம், தோராயம் எவ்வளவு என்று கணக்கில் வைக்கிறோம், அளக்கிறோம், அளவு எவ்வளவு பிசகலாம் என்று சொல்கிறோம். மாதிரி சொல்வதும் அளவு சொல்வதும் அந்தப் பிசகையும் தாண்டி ஒத்துப்போகாவிட்டால், அங்கே ஏதோ புதிது இருக்கிறது, அல்லது நாம் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம்.

## ஒளியை முந்தியதாகச் சொல்லப்பட்ட நியூட்ரினோ

இந்த ‘அல்லது’வில் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஓபரா சோதனை. ஜெனீவாவுக்கு அருகே இருக்கும் செர்ன் ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தரைக்கு அடியிலேயே 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் இருக்கும் கருவிக்கு அனுப்பினார்கள். நியூட்ரினோ எதனோடும் பெரும்பாலும் மோதாது என்பதால் பாறையைத் துளைத்துப் போய்விடும். ஒளி இந்தத் தூரத்தைக் கடக்க 2.4 மில்லி விநாடி ஆகும். துகள்கள் அதைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே வந்ததாக அளவு காட்டியது.

60 நானோ விநாடி என்றால் ஒளி வெறும் 18 மீட்டர் போகும் நேரம். ஆனால் ஒளியை எதுவும் முந்தாது என்பது நூறு வருடமாக உடைத்துப் பார்க்க முயன்றும் உடையாத விதி. குழுவினர் மாதக்கணக்கில் சரிபார்த்தார்கள், பிழை கிடைக்கவில்லை. கடைசியில் 2011 செப்டம்பரில் தங்கள் அளவை வெளியிட்டு, இதில் என்ன தப்பு இருக்கிறது என்று பாருங்கள் என்று மற்ற ஆய்வாளர்களையே கேட்டுக்கொண்டார்கள். செய்திகளிலோ ‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்ற ரீதியில் ஓடியது.

அவர்கள் அளவு 6 சிக்மா உறுதி கொண்டது. சிக்மா என்பது எதிர்பார்த்த எண்ணிலிருந்து நம் அளவு எத்தனை ‘பிழை அகலம்’ தள்ளி இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. துகள் இயற்பியலில் 5 சிக்மா வந்தாலே கண்டுபிடிப்பு என்று அறிவிக்கலாம், ஹிக்ஸ் துகளை 2012 ஜூலை 4 அன்று அறிவித்ததும் அந்த அளவுகோலில்தான். அப்படியிருக்க 6 சிக்மா எப்படித் தப்பாகும்? அந்த எண் நம்பகமாக இருப்பது, எந்தெந்தப் பிழை இருக்கிறது என்று நாம் பட்டியல் போட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறோமோ அதைப் பொறுத்தவரைதான். பட்டியலுக்கு வெளியே ஒரு முறைப் பிழை உட்கார்ந்திருந்தால் சிக்மாவுக்கு அது தெரியவே தெரியாது.

மற்ற இயற்பியலாளர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1987 பிப்ரவரியில், 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து நியூட்ரினோக்களும் ஒளியும் வந்து சேர்ந்ததைப் பூமியில் பதிவு செய்திருந்தார்கள். நியூட்ரினோக்கள் சில மணி நேரம்தான் முந்தி வந்தன, அதுவும் ஒளி வெடிப்பின் உள்ளேயிருந்து வெளிவரத் தாமதமானதால். ஓபரா சொல்லும் வேகம் எல்லா நியூட்ரினோவுக்கும் உண்மையென்றால் அவை 4 வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். நியூட்ரினோவின் ஆற்றல் வேறு வேறு என்பதால் இது ஓபராவை முழுதாக அடித்துவிடவில்லை, ஆனாலும் சந்தேகத்தைப் பலமாக்கியது.

2012 பிப்ரவரியில் காரணம் தெரியவந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று அதன் இணைப்பில் சரியாகப் பொருந்தவில்லை. அதோடு ஒரு கடிகாரத்தின் ஓட்டத்திலும் சின்னப் பிசகு. அதே மலைக்கடியில் இருந்த இக்காரஸ் என்ற இன்னொரு சோதனை தனியாக அளந்து பார்த்தபோது நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

இதை அவமானக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசித்திரமான எண் வந்ததும் அதை மறைக்காமல், அதற்காகக் கொண்டாடவும் செய்யாமல், எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தார்கள். துறை எப்படி இயங்க வேண்டுமோ அப்படித்தான் இயங்கியது.

## சோதனை, கோட்பாடு, கணினி

இயற்பியலாளர்களைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்லலாம், எல்லைகள் கலந்தே இருக்கும்.

சோதனை இயற்பியலாளருக்குக் கருவிதான் உலகம். வெற்றிடக் கலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு எஃகுப் பாத்திரம். அழுத்தம் இறங்க மாட்டேன் என்கிறது, எங்கோ ஓட்டை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க, உள்ளே ஹீலியம் அணுவை மட்டும் அடையாளம் காணும் கருவியைப் பொருத்திவிட்டு, வெளியே மெல்லிய குழாயால் ஒவ்வொரு இணைப்பின் மீதும் கொஞ்சம் ஹீலியத்தைத் தூவிக்கொண்டே வருவார்கள். எந்த இடத்தில் தூவும்போது உள்ளே இருக்கும் கருவி துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஒரு வளையத்தில் ஒட்டிய முடி ஒன்று ஒரு வார வேலையைக் கெடுக்கலாம். வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு வரும் ஈர்ப்பு அலையை 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடித்த லைகோ கருவியில் ஒவ்வொரு கையும், அதாவது லேசர் ஒளி போய்வரும் ஒவ்வொரு குழாயும், 4 கிலோமீட்டர் நீளம், அந்த அலை அதன் நீளத்தை மாற்றியதோ ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். அந்தக் கண்டுபிடிப்பின் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் இருக்கிறது. தனியாளாக உட்கார்ந்து உலகத்தைப் புரட்டும் மேதை என்ற படம் எவ்வளவு பொருந்தாதது என்று இதிலேயே தெரியும்.

கோட்பாட்டு இயற்பியலாளர் என்ன செய்வார் என்பதற்கு சுப்ரமணியன் சந்திரசேகரைச் சொல்லலாம். 1930ல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் படிக்கக் கப்பலில் போகும்போது வெண்குறு விண்மீன்களைப் பற்றி யோசித்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்கள் அவை. ஏன் இன்னும் நொறுங்கிவிடவில்லை என்பதற்கு குவாண்டம் விதிகளை வைத்து ரால்ஃப் ஃபவுலர் ஏற்கெனவே விளக்கம் தந்திருந்தார், எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொள்ள மறுப்பதால் வரும் அழுத்தம்தான் தாங்குகிறது என்று. சந்திரசேகர் கவனித்தது ஒன்றே ஒன்று: கனமான விண்மீனில் அந்த எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்கிவிடும், அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தார். ஓர் உச்சவரம்பு வந்து விழுந்தது, இன்றைய கணக்கில் சூரியனைப் போல 1.4 மடங்கு. அதற்கு மேல் கனமானது வெண்குறு விண்மீனாக நிற்க முடியாது. அன்றைய வானியல் ஜாம்பவான் ஆர்தர் எடிங்டன் 1935ல் எல்லோர் முன்னிலையிலும் இதை மறுத்துப் பேசினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983ல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எந்த விதியையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. தெரிந்த இரண்டு விதிகளை, சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார். கோட்பாட்டு வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ‘நான் ஐன்ஸ்டைனைத் தவறென்று காட்டும் கோட்பாடு வைத்திருக்கிறேன்’ என்று வருபவர்களிடம் இயற்பியலாளர்கள் ஏன் பொறுமை இழக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையில் இருப்பதைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. சார்பியல் அந்த 38ஐத் தருகிறது. புதிய கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முதலில் அந்த 38ஐத் தந்தாக வேண்டும், அப்புறம்தான் பேச்சு.

கணினி இயற்பியலாளர், கையால் தீர்க்க முடியாத சமன்பாடுகளைச் சிமுலேஷன் மூலம் ஓட்டிப் பார்ப்பவர். விண்மீன் மண்டலங்கள் மோதுவது, வளிமண்டலம் சுழல்வது என்று நிறைய இருக்கிறது. இங்கேயும் அதே நேர்மைதான் தேவை. கிரகங்கள் சுற்றுவதை ஓட்டும்போது, மாறக்கூடாத மொத்த ஆற்றல் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் நிரலில் தப்பு என்று அர்த்தம், படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும்.

இன்னொரு பெரிய தவறான எண்ணம்: எல்லோரும் கருந்துளை, பெருவெடிப்பு என்றுதான் ஆராய்கிறார்கள் என்பது. இயற்பியலில் அதிகம் பேர் வேலை செய்யும் துறை செறிபொருள் இயற்பியல், அதாவது திடப்பொருள், திரவம் போன்றவற்றில் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது. 1947ல் வந்த டிரான்சிஸ்டர் இந்தத் துறையின் பிள்ளை. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தமும் 1911ல் கண்டுபிடித்த மீக்கடத்தியை, அதாவது கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருளை, நம்பித்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

## சரி, இயற்பியலாளர் ஆவது எப்படி?

வழி நீளமானது, ஆனால் மர்மமானது இல்லை. பள்ளியில் கணிதமும் இயற்பியலும். அப்புறம் 3 அல்லது 4 வருடம் பட்டப்படிப்பு, 1 அல்லது 2 வருடம் முதுகலை, அதற்குப் பிறகு 3 முதல் 6 வருடம் வரை பிஎச்.டி. நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் முதுகலை பிஎச்.டி.க்குள்ளேயே அடங்கிவிடும்.

எந்த நாட்டில் படித்தாலும் அடிப்படை நான்குதான்: இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல். சாய்தளத்தில் உருளும் பந்து சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மாதிரி அமைக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. கணிதத்தில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள். கூடவே பைத்தான் போன்ற ஒரு நிரல் மொழி, இப்போது அது இல்லாமல் எந்தப் பிரிவிலும் நகர முடியாது.

கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் கணிதத்தோடு மணிக்கணக்கில் உட்காரப் பிடிக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. வேகமாகப் போடுபவர்தான் கெட்டிக்காரர் என்று தேர்வுகள் நம்மை நம்ப வைத்துவிடுகின்றன. ஆராய்ச்சியில் ஒரே கணக்கு மூன்று மாதம் இழுக்கும், அங்கே வேகத்துக்கு மதிப்பே இல்லை. பாடம் கேட்டுப் புரிந்துவிட்டது என்று எழுந்துபோகாமல், புத்தகத்தை மூடிவிட்டுத் தானே முதல் வரியிலிருந்து வருவித்துப் பார்ப்பவர் முன்னேறுவார். ஆய்வக வகுப்பில் ‘சரியான விடை’ வரும்படி அளவுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 9.8 வர வேண்டிய இடத்தில் 9.3 வந்தால், அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்று தேடும் ஒரு மாலையில் கற்பது அந்த வருடப் பாடத்தைவிட அதிகம்.

இயற்பியலில் பட்டம் பெற்றுத்தான் உள்ளே வர வேண்டும் என்றும் இல்லை. புகழ்பெற்ற கோட்பாட்டு இயற்பியலாளர்கள் இருவரைப் பாருங்கள். பால் டிராக் முதலில் படித்தது மின் பொறியியல். எட்வர்ட் விட்டன் இளங்கலையில் எடுத்தது வரலாறு. ஆனால் இருவரும் பின்னால் கணிதத்தை ஆழமாகப் படித்தே தீர வேண்டியிருந்தது.

## பிஎச்.டி.யில் என்ன நடக்கிறது?

இது இன்னும் கடினமான பாடங்களைப் படிக்கும் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது தொழில் பழகும் காலம். ஒரு வழிகாட்டியின் கீழ், புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியோடு வருடக்கணக்கில் வாழ வேண்டும். பல நாடுகளில் அறிவியல் பிஎச்.டி. மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு, பெருஞ்செல்வம் இல்லை, வாழலாம்.

1967ல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. மாணவியாக இருந்தார் ஜோஸ்லின் பெல். தானும் சேர்ந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வரைபடக் காகிதம் வரும். அத்தனையையும் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கிறுக்கல், விண்மீன் மாதிரியும் இல்லை, மனிதர்களின் ரேடியோ இரைச்சல் மாதிரியும் இல்லை. விட்டுவிடவில்லை. அது தினமும் 4 நிமிடம் முன்னதாக வருவதைக் கண்டார். விண்மீன்கள்தான் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும், மனிதர்களின் கடிகாரம் 24 மணி நேரத்துக்கு ஓடும். ஆக அது வானத்திலிருந்து வருவது. காகிதத்தை வேகமாக ஓட்டிப் பதிந்து பார்த்ததில் 1.34 விநாடிக்கு ஒன்றாக, அச்சுப் பிசகாத துடிப்புகள். சுழலும் நியூட்ரான் விண்மீனை, அதாவது வெடித்த பெரிய விண்மீனின் நெருக்கிச் சுருங்கிய மிச்சத்தை, மனிதர்கள் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். 1974 நோபல் பரிசில் பங்கு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. அது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிஎச்.டி. முடிவில் ஆய்வேடு எழுதி, நிபுணர்கள் முன்னால் வாய்மொழியாக அதைக் காத்து நிற்க வேண்டும். நடுவில் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியாகும். ஒரு கட்டுரையை இதழ் ஏற்கும் முன் அதே துறையில் இருக்கும் வேறு ஆய்வாளர்கள் படித்துக் குறை சொல்வதற்குச் சக மதிப்பீடு என்று பெயர். அதற்குக் காத்திராமல் 1991ல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அங்கே வந்துவிட்டதாலேயே அது சரிபார்க்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

சுருக்கமாக, பட்டப்படிப்பில் பிறர் கண்டதை நாமே வருவிக்கக் கற்கிறோம், பிஎச்.டி.யில் யாரும் காணாததை நம்பத் தக்க முறையில் காணக் கற்கிறோம்.

## அதற்கப்புறம்?

பல்கலைக்கழகத்தில் தொடர விரும்புபவர்கள் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலைக்குப் போவார்கள். 2, 3 வருடம் ஓர் இடம், பெரும்பாலும் இன்னொரு முறை இன்னொரு நாட்டில். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, பிஎச்.டி. முடிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடைப்பதில்லை. இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லாமல் மறைப்பது பெரிய தவறு. சேருவதற்கு முன் அந்த ஆய்வுக் குழுவின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள், இப்போதைய மாணவர்களிடம் வழிகாட்டி இல்லாத நேரத்தில் பேசுங்கள். நல்ல வழிகாட்டி அமைவது நல்ல தலைப்பு அமைவதைவிட முக்கியம்.

மற்றவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. சிப் தயாரிப்பு, லேசர், வானிலைக் கணிப்பு, மென்பொருள், நிதித்துறை, பள்ளி ஆசிரியப் பணி என்று பல இடங்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

அதிகம் வெளியே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனைகளில், கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு போக வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வார். இயந்திரம் உண்மையிலேயே அவ்வளவுதான் கொடுக்கிறதா என்பதற்குப் பொறுப்பு மருத்துவ இயற்பியலாளர். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒரு தண்ணீர்த் தொட்டியை உடம்புக்குப் பதிலாக வைத்து, உள்ளே ஒரு சின்ன உணர்கருவியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி ஒவ்வொரு ஆழத்திலும் அளப்பார். நோயாளிக்குப் போய்ச் சேரும் அளவு, நினைத்த அளவிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் இலக்கு. குறைந்தால் கட்டி பிழைத்துவிடும், கூடினால் பக்கத்தில் இருக்கும் நல்ல திசு கெடும். அந்த 5ஐ இயந்திரம், உணர்கருவி, கணினித் திட்டம், நோயாளி படுக்கும் நிலை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன, எதற்கு எவ்வளவு என்று அவர் தனித்தனியாகக் கணக்கு வைத்திருப்பார். இதற்கு முதுகலை இயற்பியலோடு மருத்துவ இயற்பியலில் தனிப் படிப்பும், மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும் வேண்டும். பிஎச்.டி. பல இடங்களில் கட்டாயமில்லை.